ஹதீஸின் கீழே ஒரு வரி: மேற்கோள் குறியீடுகளின் வரலாறும் நம் கால அச்சுக்கோப்பும்

 

நம் வீடுகளில் உள்ள எந்த மார்க்க நூலைப் புரட்டினாலும் ஒவ்வொரு ஹதீஸின் கீழும் ஒரு சிறிய வரியைக் காண்கிறோம். "அறிவிப்பவர்: உமர் (ரலி), நூல்: புகாரீ 1" என்பது போன்ற வரி அது. ஹதீஸைக் கவனமாக வாசிக்கும் நாம் இந்த வரியைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட உழைப்பு இருக்கிறது. அதைச் சரியாக எழுதுவதும் ஓர் அமானிதமே.

இதை நமக்கு உணர்த்தியது ஒரு சிறு தவறு. நம் மத்ரஸா மாணவர்கள் நாற்பது ஹதீஸ்களைத் தொகுத்து ஒரு கையேடு தயாரித்தார்கள். அது வெளியான சில நாள்களில் ஒரு மாணவரின் தாயார் தொலைபேசியில் அழைத்தார். "ஹஜ்ரத், நீங்கள் போட்டிருக்கும் எண்ணில் முஸ்லிமைப் பார்த்தேன், அங்கே வேறு ஹதீஸ் இருக்கிறதே!" என்றார். நாம் சரிபார்த்தோம். ஹதீஸ் சரியானது; நூலும் சரியானது; எண் மட்டும் அவரிடம் இருந்த பதிப்புக்குப் பொருந்தவில்லை. மாணவர்கள் சில எண்களை ஒரு பதிப்பிலிருந்தும் சிலவற்றைக் கைப்பேசிச் செயலியிலிருந்தும் எடுத்திருந்தார்கள். எந்தப் பதிப்பின் எண் என்று கையேட்டில் எங்கும் நாம் சொல்லவில்லை. பிழை நம்முடையது.

அந்தக் கையேட்டைத் திருத்தி மீண்டும் அச்சிட முனைந்தபோது, மேற்கோள் காட்டும் முறையை நம் முன்னோர்கள் எவ்வாறு வகுத்தார்கள் என்பதையும், இன்றைய கணினி அச்சுக்கோப்பு முறை அதை எவ்வாறு கையாளுகிறது என்பதையும் சேர்த்துக் கற்க நேர்ந்தது. கற்றதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

கேட்கத் தொடங்கிய காலம்

தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளுமாறு ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் இறைநம்பிக்கையாளர்களைப் பணிக்கிறது. இந்தக் கட்டளை ஹதீஸ் துறையில் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது.

தாபியீன்களில் ஒருவரான முஹம்மத் இப்னு ஸீரீன் (ரஹ்) (மறைவு ஹிஜ்ரீ 110) சொன்ன ஒரு செய்தியை இமாம் முஸ்லிம் (ரஹ்) தமது ஸஹீஹின் முன்னுரையில் பதிவு செய்துள்ளார்கள். தொடக்கத்தில் மக்கள் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி விசாரிப்பதில்லை. ஃபித்னா ஏற்பட்ட பிறகுதான் உங்களுக்கு அறிவித்தவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள் என்பது அதன் கருத்து. அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) (மறைவு ஹிஜ்ரீ 181) இஸ்னாதை மார்க்கத்தின் ஒரு பகுதியாகவே கருதினார்கள் என்பதும் அதே முன்னுரையில் உள்ளது.

ஆக, "யார் சொன்னது?" என்ற கேள்வி நம்பிக்கை குலைந்த ஒரு காலத்தில் பிறந்தது. பொய்யும் மெய்யும் ஒரே வேகத்தில் கைப்பேசிகளில் பரவும் நம் காலத்துக்கும் அந்தக் காலத்துக்கும் உள்ள ஒற்றுமையை வாசகர்களே உணர்வார்கள்.

எழுத்துகளாகச் சுருங்கிய பெயர்கள்

அறிவிப்பாளர் தொடர்கள் நீண்டன. ஒவ்வொரு ஹதீஸிலும் "எங்களுக்கு அறிவித்தார்" என்று பொருள்படும் 'ஹத்தஸனா' என்ற சொல் பலமுறை வந்தது. தாளும் மையும் அரிதாக இருந்த காலம் அது. எனவே எழுத்தர்கள் அதை 'ஸனா' என்றும் 'நா' என்றும் சுருக்கினார்கள். 'அக்பரனா' என்பது 'அனா' ஆயிற்று. ஒரு தொடரிலிருந்து மற்றொரு தொடருக்கு மாறும் இடத்தில் 'ஹா' என்ற ஒற்றை எழுத்தை இட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமை ஓதுகிற மாணவர்கள் இந்த 'ஹா'வை அடிக்கடி சந்திப்பார்கள். அது எந்தச் சொல்லின் சுருக்கம் என்பதிலேயே அறிஞர்களிடையே ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உண்டு. சுருக்கம் இடத்தைச் சேமிக்கும். ஆனால் தன் பொருளைத் தானே சொல்லாது.

பிற்காலத்தில் நூல்களின் பெயர்களும் எழுத்துகளாயின. டமாஸ்கஸில் வாழ்ந்த ஹாஃபிழ் மிஸ்ஸீ (ரஹ்) (மறைவு ஹிஜ்ரீ 742, கி.பி. 1341) தமது 'துஹ்ஃபத்துல் அஷ்ராஃப்' என்னும் பெருநூலில் ஆறு நூல்களின் ஹதீஸ்களையும் நபித்தோழர்களின் பெயர் வரிசையில் ஒழுங்குபடுத்தினார்கள். அதில் புகாரீக்குக் 'கா', முஸ்லிமுக்கு 'மீம்', அபூதாவூதுக்கு 'தால்', திர்மிதீக்குத் 'தா', நஸயீக்கு 'ஸீன்' என்று குறியிட்டார்கள். இப்னு மாஜாவுக்குக் 'காஃப்'. அவர் கஸ்வீன் நகரத்தவர். ஆகவே கஸ்வீனீ என்பதன் முதலெழுத்து. ஆறு நூல்களிலும் இடம்பெற்றதற்கு 'ஐன்'. ஹாஃபிழ் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) (மறைவு ஹிஜ்ரீ 852, கி.பி. 1449) 'தக்ரீபுத் தஹ்தீப்' நூலில் அறிவிப்பாளர்களின் பெயர்களுக்கு இதே வழியில் குறியிட்டு, அவற்றின் பட்டியலை முன்னுரையிலேயே தந்தார்கள்.

இனி இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தீ (ரஹ்) (மறைவு ஹிஜ்ரீ 911, கி.பி. 1505) அவர்களின் 'அல்-ஜாமிஉஸ் ஸஃகீர்' நூலைத் திறப்போம். அங்கே 'காஃப்' இப்னு மாஜாவைக் குறிக்காது. புகாரீயும் முஸ்லிமும் ஒருமித்துப் பதிவு செய்ததைக் குறிக்கும். இப்னு மாஜாவுக்கு 'ஹே', நஸயீக்கு 'நூன்'. ஒரே எழுத்து ஒரு நூலில் இப்னு மாஜாவையும், இன்னொரு நூலில் மிக உயர்ந்த தரமுடைய இரு ஸஹீஹ்களையும் குறிக்கிறது. முன்னுரையைப் படிக்காமல் உள்ளே நுழைபவர் எவ்வளவு பெரிய தவறில் விழக்கூடும்!

'முத்தஃபகுன் அலைஹி' என்ற சொல்லாட்சியும் இவ்வாறே. ஹாஃபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) 'புலூஃகுல் மராம்' நூலில் இதைப் புகாரீ, முஸ்லிம் இருவருக்கும் ஆள்கிறார்கள். 'முன்தகல் அக்பார்' நூலை எழுதிய மஜ்துத்தீன் இப்னு தைமிய்யா (ரஹ்) இவ்விருவருடன் இமாம் அஹ்மதும் சேர்ந்தால்தான் அவ்வாறு எழுதுகிறார்கள். இருவரும் தம் வழக்கை முன்னுரையிலேயே அறிவித்துவிட்டார்கள். ஆகவே இருவர்மீதும் குறையில்லை. படிக்காமல் எடுத்தாள்பவர்மீதே குறை.

இப்னுஸ் ஸலாஹ் வகுத்த விதி

இந்தச் சிக்கலை முன்னரே கண்டு விதி வகுத்தவர் ஹாஃபிழ் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) (மறைவு ஹிஜ்ரீ 643, கி.பி. 1245). ஹதீஸ் கலை பற்றிய அவர்களின் 'முகத்திமா'வில் ஹதீஸை எழுதும் முறைக்கென்றே ஒரு பகுதி உண்டு. பிறருக்குப் புரியாத குறியீடுகளை ஒருவர் தம் நூலில் தமக்குள்ளேயே ஏற்படுத்திக்கொண்டு வாசகரைத் திகைப்பில் ஆழ்த்தக் கூடாது. நூலின் தொடக்கத்திலோ முடிவிலோ அவற்றின் பொருளை விளக்கிவிட்டால் தவறில்லை. ஆயினும் பெயரை முழுமையாக எழுதுவதே மேல் என்பது அவர்களின் வழிகாட்டலின் சாரம். பெருமானார் (ஸல்) அவர்கள்மீதான ஸலவாத்தை இரண்டு எழுத்துகளாகச் சுருக்குவதையும் அவர்கள் விரும்பவில்லை. இவ்வரியிலேயே நாம் சுருக்கித்தான் எழுதியிருக்கிறோம் என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். தமிழில் அது வழக்கமாகிவிட்டது. வாசிக்கும்போதாவது முழுமையாகச் சொல்ல வேண்டும்.

குறியீடு எழுத்தரின் கையில் எப்படிச் சிதையும் என்பதற்கும் சான்று உண்டு. 'அல்-ஜாமிஉஸ் ஸஃகீர்' நூலின் பிரதிகளில் ஸஹீஹுக்கு 'ஸாத்', ஹஸனுக்கு 'ஹா', பலவீனமானதற்கு 'ளாத்' ஆகியவற்றின் தலைப்பகுதிகள் தரக் குறிகளாக இடப்பட்டிருந்தன. அந்நூலுக்கு 'ஃபைளுல் கதீர்' என்னும் விரிவுரை எழுதிய இமாம் முனாவீ (ரஹ்) (மறைவு ஹிஜ்ரீ 1031), எழுத்தர்களின் திரிபு மிகுந்துவிட்டதால் இக்குறிகளை நம்புவதற்கில்லை என்று எச்சரித்தார்கள். 'ஸாத்'துக்கும் 'ளாத்'துக்கும் இடையில் உள்ள வேறுபாடு ஒரு புள்ளி. அந்தப் புள்ளி விடுபட்டால் பலவீனமான செய்தி ஆதாரபூர்வமானதாகிவிடும்.

வெற்றிடத்தின் நேர்மை

நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் 'மிஷ்காத்துல் மஸாபீஹ்' ஒரு மேற்கோள் திருத்தப் பணியாகவே பிறந்தது என்பதைப் பலர் அறியார். இமாம் பஃகவீ (ரஹ்) (மறைவு ஹிஜ்ரீ 516) தொகுத்த 'மஸாபீஹுஸ் ஸுன்னா'வில் ஹதீஸ்கள் ஸிஹாஹ், ஹிஸான் என இரு வகையாக இருந்தன. அறிவிப்பாளர் தொடர்கள் நீக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் எந்த நூலில் உள்ளது என்பது குறிக்கப்படவில்லை. பஃகவீ அவர்கள் நம்பகமான பேரறிஞர். அவர்கள் எடுத்துச் சொன்னதே ஒரு சான்று போன்றது. எனினும் அடையாளமுள்ளதும் அடையாளமற்றதும் ஒன்றாகிவிடாதல்லவா? எனவே கதீப் தப்ரேஸீ (ரஹ்) ஒவ்வொரு ஹதீஸின் தொடக்கத்திலும் அறிவித்த நபித்தோழரின் பெயரையும், இறுதியில் அதைப் பதிவு செய்த இமாமின் பெயரையும் சேர்த்தார்கள். ஹிஜ்ரீ 737இல் (கி.பி. 1337) அந்தப் பணி நிறைவுற்றது. நாம் தமிழில் 'அறிவிப்பவர்', 'நூல்' என்று எழுதும் வரியில் உள்ள இரு செய்திகளும் அவையே.

இதனினும் சிறந்த ஒன்று அந்நூலில் உண்டு. சில ஹதீஸ்களின் மூலத்தைத் தப்ரேஸீ அவர்களால் கண்டறிய இயலவில்லை. அத்தகைய இடங்களில் 'ரவாஹு' (இதைப் பதிவு செய்தவர்) என்று எழுதிவிட்டு, பெயர் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுவிட்டார்கள். பின்னால் யாரேனும் கண்டுபிடித்தால் அதை நிரப்பிக்கொள்ளட்டும் என்று முன்னுரையில் கேட்டுக்கொண்டார்கள். ஏதேனும் ஒரு நூலின் பெயரை எழுதியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? அல்லாஹ்வுக்குத் தெரியும் என்ற அச்சமே அந்த வெற்றிடத்தை விடச் செய்தது.

இதே நேர்மையைத் தக்ரீஜ் நூல்கள் அனைத்திலும் காணலாம். ஹனஃபீ மத்ஹபின் 'ஹிதாயா'வில் வரும் ஹதீஸ்களின் மூலங்களை இமாம் ஸைலயீ (ரஹ்) (மறைவு ஹிஜ்ரீ 762) 'நஸ்புர் ராயா'வில் தேடித் தந்தார்கள். கிடைக்காதவற்றை 'ஃகரீப்' என்று குறித்தார்கள். பொதுவாக அச்சொல் தனியொருவர் வழியாக வந்த ஹதீஸைக் குறிக்கும். ஸைலயீ அவர்களின் வழக்கில் அதன் பொருள் வேறு. இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களின் 'இஹ்யா உலூமித்தீன்' நூலுக்கு ஹாஃபிழ் இராக்கீ (ரஹ்) (மறைவு ஹிஜ்ரீ 806) தக்ரீஜ் எழுதி, மூலம் கிடைக்காத இடங்களில் அவ்வாறே வெளிப்படையாகச் சொன்னார்கள். ஆசிரியரின் மகிமையைக் குறைக்காமலும் அதே வேளையில் உண்மையை மறைக்காமலும் எழுதும் பண்பை அந்நூல்களில் கற்கலாம். இன்று அச்சாகும் 'இஹ்யா' பதிப்புகள் பலவற்றில் இராக்கீ அவர்களின் குறிப்புகள் பக்கத்தின் அடியில் அடிக்குறிப்பாக இடம்பெறுகின்றன.

அச்சும் எண்களும்

கையெழுத்துப் பிரதிகளின் காலத்தில் பக்க எண்ணால் மேற்கோள் காட்ட இயலாது. பிரதிக்குப் பிரதி பக்கம் மாறும். எனவே நூல், கிதாப், பாப் என்று சொல்வதே வழக்கம். அச்சு வந்த பிறகே எண்கள் முதன்மை பெற்றன.

நெதர்லாந்து நாட்டு அறிஞர் வென்சிங்க் முன்னின்று தொடங்கிய ஹதீஸ் சொல்லடைவு, லைடன் நகரில் 1936 முதல் 1969 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. ஒன்பது ஹதீஸ் நூல்களின் சொற்கள் அதில் அடைவு செய்யப்பட்டன. அதன் மேற்கோள் முறை கவனிக்கத்தக்கது. புகாரீயைக் கிதாபின் பெயராலும் பாபின் எண்ணாலும் குறிக்கும். முஸ்லிமையும் முவத்தாவையும் கிதாபின் பெயராலும் அதற்குள் உள்ள ஹதீஸின் எண்ணாலும் குறிக்கும். முஸ்னத் அஹ்மதை ஹிஜ்ரீ 1313ஆம் ஆண்டின் கெய்ரோ பதிப்புடைய தொகுதி, பக்க எண்களால் குறிக்கும். ஒவ்வொரு நூலின் அமைப்புக்கும் ஏற்ப ஒவ்வொரு முறை!

அந்தப் பணியோடு தொடர்புடையவரான எகிப்தியர் முஹம்மத் ஃபுஆத் அப்துல் பாகீ (1882–1968) இன்று நாம் பயன்படுத்தும் பல எண்களைத் தந்தவர். 'ஃபத்ஹுல் பாரீ'யுடன் அச்சான புகாரீக்கு 7563 வரையிலும், முஸ்லிமுக்கு 3033 வரையிலும் அவர் எண்ணிட்டார். முஸ்லிமில் ஒரே ஹதீஸின் பல அறிவிப்பு வழிகளை அவர் ஓர் எண்ணின் கீழ் வைத்தார். வேறு பதிப்பாளர்கள் ஒவ்வொரு வழிக்கும் தனி எண் தந்ததால் அவர்களின் எண்ணிக்கை ஏழாயிரத்தைக் கடந்தது.

இப்போது நம் கையேட்டின் பிழைக்கு வருவோம். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்ற கருத்துடைய புகழ்பெற்ற ஹதீஸ் புகாரீயில் 1, 54, 2529, 3898, 5070, 6689, 6953 ஆகிய ஏழு இடங்களில் வருகிறது. முஸ்லிமில் அப்துல் பாகீயின் வரிசைப்படி 1907. கிதாபுல் இமாராவுக்குள் எண்ணினால் 155. வழிகளைத் தனித்தனியே எண்ணும் பதிப்புகளில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட எண். இவற்றில் எதுவும் பொய்யன்று. ஆனால் "முஸ்லிம்" என்று எழுதி அருகில் எண்ணை மட்டும் இட்டால் வாசகர் எந்தக் கதவைத் தட்டுவார்?

கணினிக்குச் சொல்லிக்கொடுத்தல்

திருத்திய கையேட்டை நாம் 'லாடெக்' என்னும் அச்சுக்கோப்பு முறையில் அமைத்தோம். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் நூத், தாம் எழுதிய கணினியியல் நூலின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படிகளின் தரம் குறைந்திருந்ததைக் கண்டு, 1977இல் 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அதன்மீது லெஸ்லி லாம்போர்ட் 1980களில் 'லாடெக்'கை அமைத்தார். 1985இல் ஓரன் படாஷ்னிக் மேற்கோள்களுக்காக 'பிப்டெக்' என்ற துணைக்கருவியை எழுதினார்.

பிப்டெக்கின் அடிப்படைக் கருத்து எளிது. நூலின் விவரங்கள் ஒரு கோப்பில் இருக்கும்: ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு. அவை எந்த வடிவில் அச்சாக வேண்டும் என்பது வேறொரு கோப்பில் இருக்கும். அதைப் பாணிக் கோப்பு எனலாம். பாணியை மாற்றினால் நூல் முழுவதும் மேற்கோள்கள் மாறிவிடும். விவரங்களைத் தொட வேண்டியதில்லை. அதன் பழைய பாணிகளுள் ஒன்று ஆசிரியர் பெயரின் முதல் மூன்று எழுத்துகளையும் ஆண்டின் இறுதி இரண்டு இலக்கங்களையும் சேர்த்துக் குறியீடு செய்யும். மிஸ்ஸீயின் எழுத்துகளைக் கற்றவருக்கு இது புதிதாகத் தோன்றாது.

பாணிக் கோப்பை மாற்றி எழுதுவதுதான் கடினம். அதற்கென்று ஒரு தனி நிரல்மொழியே உண்டு. பேட்ரிக் டேலி என்பவர் இதை எளிதாக்க, கேள்விகள் கேட்டுப் பதில்களைக் கொண்டு பாணிக் கோப்பை ஆக்கித்தரும் கருவியைச் செய்தார். பின்னர் ஃபிலிப் லேமன் 'பிப்லாடெக்'கை உருவாக்கினார். இதில் வடிவமைப்பு லாடெக்கின் கட்டளைகளாலேயே அமைவதால் மாற்றுவது எளிதாயிற்று. அதனுடன் இயங்கும் 'பைபர்' என்னும் கருவியை ஃபிரான்சுவா ஷாரெட்டும் ஃபிலிப் கைமும் எழுதினார்கள். இவர்களில் ஷாரெட், மம்லூக் காலத்து எகிப்து, சிரியாவின் வானியல் கருவிகளைப் பற்றி ஆய்வு நூல் எழுதிய வரலாற்றாய்வாளர்; அறபு எழுத்தை இந்த முறையில் அச்சிடுவதற்கான ஒரு தொகுப்பையும் ஆக்கியவர்.

நாம் மாற்றியமைக்க நேர்ந்தவை நான்கு.

முதலாவது, பெயர்கள். இக்கருவிகள் மேலைநாட்டுப் பெயர்களை மனத்திற்கொண்டு அமைந்தவை. கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கருதும். அதனால் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் பெயரை அப்படியே கொடுத்தால் "ஹனீஃபா, அபூ" என்று அச்சிடும். ஆங்கில எழுத்தில் கொடுத்தால் 'இப்னு' என்பதை ஜெர்மானியப் பெயர்களில் வரும் 'ஃபான்' போன்ற முன்னொட்டாக எண்ணிவிடும். நம் தமிழ்ப் பெயர்களின் தலைப்பெழுத்தையும் இதேபோல் இடம் மாற்றும். முழுப் பெயரையும் இரட்டை அடைப்புக்குள் இட்டால் அதைப் பிரிக்காமல் ஒரே பெயராகக் கொள்ளும்.

இரண்டாவது, அகரவரிசை. 'அல்-' என்னும் முன்னொட்டால் பைஹகீயும் புகாரீயும் அகரத்தின் கீழ் குவிந்துவிடுகிறார்கள். வரிசைப்படுத்தும்போது இம்முன்னொட்டைப் புறக்கணிக்கும் வசதி பைபரில் உண்டு. ஆனால் அதில் முன்னமே உள்ள விதி, இரண்டு எழுத்தும் ஓர் இணைகோடும் வருவதையே தேடுகிறது. கணினியில் தமிழ் மெய்யெழுத்தின் புள்ளி தனிக் குறியாக நிற்பதால் அந்த விதி நம் 'அல்-'ஐக் கண்டுகொள்ளாது. எனவே விதியைத் தமிழுக்கேற்ப மாற்றி எழுத வேண்டும்.

மூன்றாவது, எண். மேற்கோளில் ஓர் எண்ணைக் கொடுத்தால் பிப்லாடெக் அதைப் பக்க எண் என்றே எடுத்துக்கொண்டு, பக்கத்துக்கான சுருக்கத்தை முன்னால் சேர்த்துவிடும். ஹதீஸ் எண் 1907 பக்கம் 1907 ஆகிவிடும்! ஒவ்வொரு நூலின் விவரத்திலும் அதன் எண் எதைக் குறிக்கிறது என்று அறிவிக்க ஒரு புலம் உண்டு. அங்கே ஹதீஸ் எண் என்று அறிவித்து, அதற்குரிய தமிழ்ச் சொல்லையும் வரையறுத்தோம். வென்சிங்க்கின் சொல்லடைவு நூலுக்கு நூல் முறையை மாற்றியதன் தேவை இங்கேதான் நமக்கு நன்கு விளங்கியது.

நான்காவது, குறியீட்டுப் பட்டியல். ஒரு நூலுக்கு நாம் விரும்பும் சுருக்கப் பெயரைக் கொடுத்தால், பிப்லாடெக் மேற்கோள்களில் அதைப் பயன்படுத்துவதோடு, எல்லாச் சுருக்கங்களையும் விளக்கும் பட்டியலையும் நாம் சொல்லும் இடத்தில் அச்சிடும். அந்தப் பட்டியலைக் கையேட்டின் முதல் பக்கத்தில் வைத்தோம். "முஸ்லிம்: அப்துல் பாகீ எண்வரிசை" என்ற வரியும் அதில் இடம்பெற்றது. இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) வகுத்த விதியை ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு சிறு கையேட்டில் நிறைவேற்ற முடிந்தது, அல்ஹம்து லில்லாஹ்.

கருவியால் ஆகாதது

ஆயினும் கருவியின் எல்லையை அறிந்திருக்க வேண்டும். நாம் தவறான எண்ணைக் கொடுத்தால் அது அழகாகவே அச்சிடும். விவரக் கோப்பில் ஒரு பிழை இருந்தால் அந்நூலை மேற்கோள் காட்டும் நாற்பது இடங்களிலும் அதே பிழை ஒரே சீராக வரும். சீரான தோற்றம் சரியென்பதற்குச் சான்றாகாது. அறிவிப்பாளரை எடைபோடவும், மூல நூலைத் திறந்து பார்க்கவும் மனிதர்தாம் வேண்டும்.

கையேட்டை மறுபடி கோத்தபோது நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். விவரக் கோப்பில் இல்லாத ஒரு மூலத்தை மேற்கோள் காட்டினால் லாடெக்கின் இயல்பான அமைப்பில் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி அச்சாகும். முதல் அச்சுப்படியில் மூன்று இடங்களில் கேள்விக்குறி நின்றது. ஒரு மாணவர் அவசரமாக, "ஹஜ்ரத், இவற்றுக்கும் திர்மிதீ என்று போட்டுவிடலாமா? அங்கே இருப்பதாகத்தான் கேள்வி" என்றார். நாம் மிஷ்காத்தை எடுத்து, 'ரவாஹு' என்ற சொல்லுக்குப் பின் தப்ரேஸீ (ரஹ்) விட்ட வெற்றிடத்தைப் பற்றி அவருக்குச் சொன்னோம். அவர் பேசாமல் நூலகத்துக்குச் சென்றார். இரண்டு ஹதீஸ்களின் மூலம் கிடைத்தது. மூன்றாவதற்குக் கிடைக்கவில்லை, அதை நீக்கிவிட்டு, மூலம் தெளிவாக உள்ள வேறொரு ஹதீஸைச் சேர்த்தோம். எண்ணைச் சுட்டிக்காட்டிய அந்தத் தாயாருக்கு முதல் பிரதியை அனுப்பிவைத்தோம்.

நம் இல்லங்களுக்கு

கணினி அச்சுக்கோப்பை எல்லாரும் கற்க வேண்டியதில்லை. ஆனால் ஹதீஸின் கீழே உள்ள வரியைப் படிக்க எல்லாரும் கற்க வேண்டும். கைப்பேசியில் ஒரு ஹதீஸ் வந்தால் அனுப்புவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்போம். அறிவித்த நபித்தோழர் யார்? எந்த நூலில் உள்ளது? எந்தப் பதிப்பின் எண்? அதன் தரத்தைச் சொன்ன அறிஞர் யார்? நான்குக்கும் விடை தெரியாவிட்டால் அதை அனுப்பாமல் நிறுத்திவைப்பதால் நமக்கு எந்த இழப்பும் இல்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் சொல்லாததை அவர்கள் சொன்னதாகப் பரப்புவதில்தான் பேரிழப்பு உண்டு.

நம் பிள்ளைகளுக்கு ஹதீஸை மனனம் செய்விக்கும்போது அந்த வரியையும் சேர்த்தே மனனம் செய்விப்போம். அவர்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் கட்டுரை எழுதும்போது எடுத்த இடத்தைச் சொல்லும் பழக்கம் அவர்களுக்குத் தானாகவே வரும். தெரியாத இடத்தில் "தெரியவில்லை" என்று எழுதவும் கூச்சப்பட மாட்டார்கள்.

கேட்டதைக் கேட்டவாறும், கண்டதைக் கண்டவாறும், அறியாததை அறியாததாகவும் எடுத்துச் சொல்லும் நேர்மையை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் வழங்குவானாக! நம் முன்னோர்களின் உழைப்பை ஏற்று அவர்களின் அந்தஸ்தை உயர்த்துவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.